வெங்காயம் கேட்காத அறுபத்து நாலு பேர்

படைத்துறை அமைச்சகம் அந்த ஆண்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செலவு அறிக்கை நானூற்றுப் பதினெட்டுப் பக்கம். அதில் கோட்டைச்சாமிக்குப் புரிந்தது ஆறு பக்கம். அந்த ஆறும் சாப்பாட்டுப் பக்கம்.

மற்ற பக்கங்கள் புரியாததில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவர் படைத்துறைச் செலவுக் குழுவுக்கு வந்த கதையே அப்படி. பெருங்கரைத் தொகுதியில் ஜெயித்த மறுவாரம் கட்சியின் தலைநகர் அலுவலகத்தில் வாழ்க்கைக் குறிப்பு கேட்டார்கள். 'ஐயனார் மிலிட்டரி ஓட்டல், இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். அதன்பின் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட்' என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். ஆட்டுக்கால் பாயாவுக்கும் ராணுவத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியாத வடக்கத்திப் புண்ணியவான்கள் இரண்டாவது சொல்லோடு படிப்பதை நிறுத்திக்கொண்டு, இந்தக் குழுவில் போட்டுவிட்டார்கள். கோட்டைச்சாமியும் திருத்தவில்லை. தானாக வந்து இலையில் விழுந்த பண்டத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவர் தொழிலில் கிடையாது.

ஆனால் சாப்பாட்டுப் பக்கம் என்றால் அவரை ஏமாற்ற முடியாது. பந்திக்கு எத்தனை பேர் என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. வெங்காயம் எத்தனை கிலோ என்று சொன்னால் போதும். தலையை எண்ணிச் சொல்லிவிடுவார். பெண் வீட்டார் முந்நூறு என்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஐந்நூறு என்பார்கள், வெங்காயம் மட்டும்தான் நிஜம் சொல்லும்.

அறிக்கையின் பின்னிணைப்பில் பனிமலைக் காவல் சாவடிகள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் எத்தனை வீரர்கள், என்னென்ன சரக்கு போனது என்ற பட்டியல். கோட்டைச்சாமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பார்த்தார். எழுபது பேர் இருக்கிற சாவடியில் தொண்ணூறு பேருக்கான வெங்காயம். நாற்பது பேர் இருக்கிற இடத்தில் ஐம்பத்தைந்து பேருக்கானது. அவருக்கு மனசு நிறைந்தது. நியாயமான திருட்டு, கை சுட்டுக்கொள்ளாத அளவு. இவர் காண்ட்ராக்டில் இருந்தபோதும் ஏறக்குறைய இதே விகிதம்தான்.

ஏழாம் சாவடிக்கு வந்தபோது பென்சில் காதிலிருந்து விழுந்தது.

வீரர்கள் அறுபத்து நாலு. அரிசி பூஜ்யம். பருப்பு பூஜ்யம். வெங்காயம், பச்சையாகவும் இல்லை, காய்ந்ததாகவும் இல்லை. முந்தின இரண்டு வருஷத்து அறிக்கையை எடுத்துப் பார்த்தார். அதே அறுபத்து நாலு, அதே பூஜ்யம்.

"திருடுறவன் வாங்காததை வாங்குனதா எழுதுவான். இவன் வாங்கலைன்னே எழுதிருக்கான்யா" என்று அல்போன்ஸிடம் காட்டினார். அல்போன்ஸ் அவருடைய உதவியாளர், ஐம்பது வயது, சருகணிப் பக்கத்துக்காரர். கோட்டைச்சாமி இலை போட்ட காலத்திலிருந்து கூட இருப்பவர்.

"அச்சுப் பிழையா இருக்கும்ணே."

"மூணு வருசமாவா? அச்சுல பிழை வரும், பசியில வராது."

குழுக் கூட்டத்தில் அவர் இதைக் கேட்டார். முப்பது உறுப்பினர்களில் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் நாலு பேர் வறுத்த முந்திரிக்காக. அமைச்சகச் செயலாளர் சிரித்த முகமாக, தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும் என்றார். ஜெயித்து வந்த புதிதில் இந்த வாக்கியத்தை நம்பி அந்த மேசை எங்கே இருக்கிறது என்று கோட்டைச்சாமி ஆளை விட்டுத் தேடச் சொன்னது உண்டு. இப்போது விவரம் வந்துவிட்டது. மேசை வேண்டாம், அந்தச் சாவடிக்காரர் ஒருவரை வீடியோவில் கூப்பிடுங்கள், சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன் என்றார்.

குழுத் தலைவர் மந்தாகினி அம்மையார் மராட்டியத்துக்காரர். எழுபது வயது. பதவிக்கு முன்னால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. பொய் சொல்கிற பிள்ளையைக் காதைப் பார்த்தே கண்டுபிடிப்பவர். அவர் செயலாளரின் காதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கூப்பிடுங்கள் என்றார்.

செயலாளர் பக்கத்தில் இருந்த இணைச் செயலாளர் தாட்சாயணியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்மணி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்ததைக் கோட்டைச்சாமி கவனித்தார். சாம்பாரில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்ட ஆள் அப்படித்தான் கண்ணை மூடுவான்.

மறுநாள் திரையில் இரண்டு சதுரம் தெரிந்தது. ஒன்றில் அடிவாரத்து முகாமிலிருந்து ஒரு பிரிகேடியர். வெட்டவெளியில், பனியில் நின்றார். பேசப் பேச அவர் வாயிலிருந்து இட்லிச் சட்டியைத் திறந்தது போல ஆவி வந்தது. இன்னொன்றில் ஏழாம் சாவடி. பனி அங்கே இன்னும் சன்னமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பையன் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள் என்று கோட்டைச்சாமி கேட்டிருந்ததால், நாயக் பதவியில் இருக்கும் காளைராசன் நின்றார். இருபத்தாறு இருக்கும். கன்னத்தில் அம்மைத் தழும்பு இரண்டு.

"எந்த ஊருப்பா?"

"மருதங்கண்மாய்ங்கய்யா. பெருங்கரைக்குக் கெழக்க. நம்ம தொகுதிதான்யா."

"அட. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்யா. சாம்பார், உருளைக்கெழங்கு."

"சாம்பார்ல வெங்காயம் இருந்துச்சா?"

காளைராசன் கொஞ்சம் யோசித்தார். இருந்துச்சுங்கய்யா என்றார். பிறகு, கேட்காமலே, தனக்கு அடுத்த மாதம் லீவு வருகிறது என்றும், அம்மாவுக்குச் செய்தி சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். அம்மா பேர் இருளாயி. கண்மாய்க்கரைக்கு ஏறினதும் மூணாவது வீடு. சமையற்கட்டு ஓடு ஒழுகும், வந்து மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தாராம்.

"நானே நேர்ல போயிச் சொல்றேன். போதுமா?" என்றார் கோட்டைச்சாமி. குழுவில் இருந்தவர்கள் நெகிழ்ந்து மேசையைத் தட்டினார்கள். முந்திரிக்கு வந்த நாலு பேரும் தட்டினார்கள்.

திரை அணைந்தது. எல்லோரும் எழுந்தார்கள். கோட்டைச்சாமி எழவில்லை. நாற்பது வருஷம் மூடியைத் திறக்காமலே ஆவியைப் பார்த்துப் பதம் சொன்ன ஆள் அவர். அத்தனை பனியில் நின்று அவ்வளவு நேரம் பேசிய காளைராசன் வாயிலிருந்து ஒரு பொட்டு ஆவி வரவில்லை.

அல்போன்ஸ் இரண்டு டைரி வைத்திருப்பார். ஒன்று நல்லது டைரி: கல்யாணம், காதுகுத்து, பால்காய்ச்சு. இன்னொன்று துக்க டைரி. ஒரு எம்பி நாலு வருஷத்தில் பார்க்கிற பிணங்களை மயானக்காரர்கூடப் பார்க்க மாட்டார். யார் வீட்டில் எது என்று குழம்பி, ஒரு தடவை கருமாதி வீட்டில் 'மணமக்கள் வாழ்க' என்று பேச்சை முடித்த பிறகுதான் டைரி இரண்டாகப் பிரிந்தது.

மருதங்கண்மாய்க்கு ஒரு நாள் குறிக்கச் சொன்னதும் அல்போன்ஸ் பழக்கத்தில் துக்க டைரியைப் புரட்டினார். புரட்டினவர் கை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது.

"அண்ணே, நாம அங்க போயிருக்கோம்."

"எப்ப?"

"மூணு வருசமாச்சு. பெட்டி வந்தன்னிக்கு. மலர்வளையம் வச்சோம். நாயக் காளைராசன், தாயார் இருளாயி. கண்மாய்க்கரை ஏறி மூணாவது வீடு."

அல்போன்ஸ் அடுத்த வரியையும் படித்தார். எம்பி என்ன பேசினார் என்பதையும் அவர் குறித்து வைப்பது உண்டு, ஒரே ஊரில் இரண்டு முறை ஒரே பேச்சைப் பேசிவிடக் கூடாது என்பதற்காக. "'காளைராசன் சாகவில்லை. அவன் இன்றும் எல்லையில் நின்றுகொண்டுதான் இருக்கிறான்.' கைதட்டல் நல்லா இருந்துச்சுன்னு எழுதிருக்கேன்."

அந்த வாக்கியத்தை அவர் பதினோரு வீடுகளில் சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில்கூட அது பலித்துவிடும் என்று நினைத்துச் சொன்னதில்லை. ஒருத்தன் பெட்டிக்கு முன்னால் கால் மணி நேரம் பேசியிருக்கிறோம், அவன் முகத்தை ஒரு தடவை பார்த்து வைக்கவில்லையே என்பது அவருக்குப் பல்லிடுக்கில் மீன்முள்ளாக உறுத்தியது.

தாட்சாயணியை அவர் நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்துக் கேன்டீனில், பகல் பதினோரு மணிக்கு, வடை தீர்ந்து கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்துப் பிடித்தார். எதிரில் உட்கார்ந்து, "காளைராசனுக்கு நான் மாலை போட்டுருக்கேன்மா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

தாட்சாயணி காபியை மூன்று முறை ஆற்றினார். ஆறின காபியையே ஆற்றினார்.

"இதை உங்ககிட்ட சொன்னா என் வேலை போயிடும் சார்."

"சொல்லலைன்னா?"

"தூக்கம் போயிடுது. அது மூணு வருஷமாவே இல்லை."

பிறகு சொன்னார். உயரத்துக்குப் போகிற வீரர்களின் தலைக்கவசத்துக்குள், நெற்றியைச் சுற்றி, ஒரு கருவிப் பட்டி இருக்கும். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைக் கண்டு சந்தேகப்படுகிறார்கள், எப்போது விசையைத் தொடுகிறார்கள், யாரை நினைத்துக்கொள்கிறார்கள் எல்லாவற்றையும் அது கற்றுக்கொள்ளும். ஆள் இறந்தால் உடம்பு வீட்டுக்குப் போகும். பட்டி அமைச்சகத்துக்கு வரும். சீருடையும் துப்பாக்கியும் அரசாங்கச் சொத்து என்பது போல, அரசாங்கச் செலவில் கற்ற காவலும் அரசாங்கச் சொத்து என்று ஒரு விதி. அதிலிருந்து நகல் எடுத்து, கேமராவும் துப்பாக்கியும் பொருத்திய கம்பத்தில் ஏற்றிவிடுவார்கள். வீடியோவில் கூப்பிட்டால் நகல் தன் பழைய உருவத்தைத் திரையில் காட்டும். ஏழாம் சாவடியில் அறுபத்து நாலு கம்பம், அறுபத்து நாலு நகல். பசி இல்லை, குளிர் இல்லை.

"அப்ப ஏன் ஆள்னு எழுதுனீங்க?"

"மெஷின்னு எழுதினா விவாதம், டெண்டர், கேள்வி. ஆள்னு எழுதினா யாரும் கேட்க மாட்டாங்க. சாப்பாட்டுப் பக்கம் வேற செக்‌ஷன் சார். அங்க ஒரு நேர்மையான ஆள் இருக்கார். அவருக்கு விஷயம் தெரியாது. அனுப்பலைங்கிறதால பூஜ்யம்னு போட்டுட்டார்."

கோட்டைச்சாமிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. "அவன் லீவு வருதுன்னான்."

தாட்சாயணி ஜன்னலைப் பார்த்தார். "அதுதான் சார் மோசம். மனுஷன் ரொம்ப உஷாரா இருக்கறது லீவுக்கு முந்தின மாசம்தான். ஊர் போய்ச் சேரணும்னு இருக்கும் பாருங்க. ஆராய்ச்சியில அப்படித்தான் வந்தது. அதனால நகலை அந்த மாசத்துலயே நிறுத்தி வச்சிருக்கோம். அவங்களுக்கு எப்பவும் அடுத்த மாசம் லீவு."

"செத்தது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா காவல் காக்க மாட்டாங்கன்னு எங்க ஆட்கள் சொல்றாங்க. ஒருத்தர் கண்டுபிடிச்சுக் கேட்டார். அவரை அணைச்சுட்டு வேற நகல் போட்டாங்க."

"வீட்டுக்காரங்களுக்கு?"

"மாசம் ஒரு போன், பத்து நிமிஷம். சம்மதம் வாங்கியிருக்கோம். பென்ஷன் பேப்பர்ல, பதினேழாம் பக்கம்."

பென்ஷன் பேப்பரில் பதினேழாம் பக்கம் படித்த தாய் இந்த நாட்டில் எத்தனை பேர் என்று கோட்டைச்சாமி யோசித்தார். யோசிக்க விடாமல் தாட்சாயணி கேட்டார்: "நீங்க கத்திக் கூப்பாடு போடலாம் சார். நாளைக்கே சாவடியைக் காலி பண்ணிடுவாங்க. அப்புறம் அங்க உயிரோட அறுபத்து நாலு பேர் போகணும். அங்க வருஷத்துக்கு ஆறு பேர், ஏழு பேர் செத்துட்டிருந்தாங்க. மூணு வருஷமா ஒருத்தர்கூட இல்லை. யாரை அனுப்பறதுன்னு லிஸ்ட் நீங்க தருவீங்களா?"

கோட்டைச்சாமி எழுந்தார். காபிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார்.

மருதங்கண்மாயில் இருளாயி வீட்டுச் சுவரில் பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தது. 'வீரவணக்கம்' என்ற எழுத்துக்குக் கீழே கும்பிட்டபடி கோட்டைச்சாமி, ஆள் உயரத்துக்கு. மூலையில் தபால்தலை அளவுக்குக் காளைராசன். மழையில் காளைராசன் முகம் கரைந்திருந்தது. எம்பி மட்டும் சாயம் போகாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இதைப் பார்த்த பிறகு வீட்டுக்குள் தலை நிமிர்ந்து போவது சிரமமாக இருந்தது.

இருளாயி நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயசு. நடுவீட்டுச் சுவரில் சீருடையோடு மகன், கழுத்தில் சந்தன மாலை.

"ஏந்தாயி, மாசாமாசம் போன் வருதா?"

"வருதுய்யா. மொத ஞாயித்துக்கெழமை. நல்ல ஏற்பாடுய்யா. யாரோ அவன் கொரலப் புடிச்சு வச்சிருக்காக. 'அடுத்த மாசம் வாரேம்மா'ங்கும். நானும் 'சரிப்பா, வா'ம்பேன். டேப்புதானன்னு வச்சுட்டுப் போக மனசு வராது."

கோட்டைச்சாமிக்குப் பொய் சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. நாலு வருஷத்தில் இந்த ஊருக்கு அவர் சொல்லாத பொய்யா? ஆனால் சுவரிலிருந்து அந்த அம்மைத் தழும்பு இரண்டும் அவரையே பார்த்தன. தரையில் உட்கார்ந்து, தாட்சாயணி சொன்னதைத் தனக்குப் புரிந்த அளவில் சொன்னார்.

இருளாயி முறத்தில் இருந்த உளுந்தைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள்.

"அப்ப அவன் நெசமாவே காத்துக்கிட்டு இருக்கானா?"

"ஆமா தாயி."

"மூணு வருசமா நான் டேப்புக்குப் பதில் சொல்ற மாதிரி சொல்லீருக்கேனய்யா. ஒரு நா 'பால் பொங்குது, வையி'ன்னு வச்சுட்டேன்."

"அணைக்கச் சொல்லவா? சொன்னா, அவன் தூங்கிருவான்."

அவள் நிமிர்ந்தாள். "அணைக்கிறதா? அவன் கேட்டது லீவுதானய்யா. லீவக் குடுங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் கோட்டைச்சாமி அந்த ஒரு வாக்கியத்தையே அசைபோட்டார். இருபத்திரண்டு வருஷ மிலிட்டரி அனுபவத்தில் தோன்றாதது, நூறு நாள் வேலை பார்க்கிற பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. கேட்டதைப் பரிமாறு. அவ்வளவுதான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் அவர் எதையும் அம்பலப்படுத்தவில்லை. மூன்று சின்னக் கேள்வி மட்டும் கேட்டார். ஏழாம் சாவடியில் பணியில் இருக்கும் வீரர்கள் எத்தனை பேர்? செயலாளர் அறிக்கையைப் பார்த்து, அறுபத்து நாலு என்றார். அது ஆவணத்தில் பதிவானது. மூன்று வருஷத்தில் எத்தனை பேர் லீவில் போனார்கள்? செயலாளர் காகிதத்தைப் புரட்டினார்; பூஜ்யம் என்று மெதுவாகச் சொன்னார். அதுவும் பதிவானது. படைவீரருக்கு வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு என்று படைத்துறை விதி சொல்கிறது?

செயலாளர் தண்ணீர் குடித்தார். மந்தாகினி அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் காதைப் பார்த்தபடியே மிகவும் சாந்தமாகச் சொன்னார்: "அறுபது நாள். செயலாளர் அவர்களே, அங்கே இருப்பவர்கள் வீரர்கள் என்று நீங்களே இந்த மன்றத்துக்கு மூன்று ஆண்டாக எழுதித் தந்திருக்கிறீர்கள். இல்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். மன்றத்துக்குத் தவறான தகவல் தந்தது உரிமை மீறல் ஆகும். ஆம் என்றால், வீரருக்கு லீவு உண்டு."

கேன்டீனில் தாட்சாயணி சொன்னதில் எவ்வளவு இந்த அம்மையாருக்குத் தெரியும் என்று கோட்டைச்சாமிக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. செயலாளர் 'அவர்கள் வீரர்கள்தான்' என்றார். வேறு என்ன சொல்வார்? ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும் ஒரே குரலில் பரிந்துரையை ஆதரித்தார்கள். வீரனின் லீவுக்கு எதிராகக் கை தூக்கிவிட்டு எந்த உறுப்பினர் ஊருக்குள் போக முடியும்? எட்டு எட்டுப் பேராக, முறை வைத்து, முதல் தவணையாக ஆளுக்கு ஒரு மாதம், வீட்டுக்கு. போகிறவர்கள் இடத்தை மீதி ஐம்பத்தாறு பேர் சேர்த்துக் காக்க வேண்டும். கோட்டைச்சாமி தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: லீவில் இருப்பவர் பேச்சை எவரும் ஒட்டுக்கேட்கவோ பதியவோ கூடாது. அதை எழுதி வாங்கிய பிறகும் அவர் நம்பவில்லை. காண்ட்ராக்டில் அவர் எழுதிக் கொடுத்ததையெல்லாம் செய்தாரா என்ன?

வைகாசியில் காளைராசன் வந்தார். ஒரு ஹவில்தார் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இட்லிக் கொப்பரை அளவு ஒரு பெட்டி, முன்பக்கம் கண்ணாடி, அதற்குள் முகம். வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஹவில்தார் சல்யூட் அடித்தார்.

அதற்கு முந்தின நாள் ஊரே கூடி வேலை பார்த்திருந்தது. செத்த செய்தியை யாரும் வாய்விடக் கூடாது என்று பேச்சு. இருளாயி மாலையோடு படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்தாள். வாசல் போஸ்டரைக் கோட்டைச்சாமியே தோசைக் கரண்டி வாங்கிச் சுரண்டினார். தன் முகத்தைத் தானே சுரண்டுவதில் ஒரு சுகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. மூக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை.

நாலாம் நாள் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். காளைராசன் சொல்லச் சொல்ல, ஆள் வைத்துச் சமையற்கட்டு ஓடுகளை மாற்றி முடித்திருந்தார்கள். இருளாயி அடுப்படியில் இருந்தாள். நடுவீட்டில் கோட்டைச்சாமியும் பெட்டியும் மட்டும்.

"அய்யா, அந்தக் கிரைண்டரப் போட்டு விடுங்க" என்றார் காளைராசன்.

"எதுக்குப்பா?"

"ஒட்டுக் கேக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்தா, கேக்காமயா இருப்பாக?"

கோட்டைச்சாமி எழுந்து வெறும் கிரைண்டரை ஓடவிட்டார். அது கடகடவென்று உருண்டது.

"அந்தச் செவுத்துல ஆணி இருக்கு. அதச் சுத்தி வெளுத்துருக்கு. என் படம்தானய்யா?"

கோட்டைச்சாமி கிரைண்டரைப் பார்த்தார். அவர் ஏதாவது ஒரு பொய்யைத் தேடினார். தேவைப்படுகிற நேரத்தில் அது எப்போதும் கிடைப்பதில்லை.

"பயப்படாதீக. கம்பத்துல ஏத்துன மொத நாளே தெரியும். அம்புட்டுப் பனியில வாயத் தொறந்தா பொகை வரணும்ல? வரலை. காவக்காரன்யா நாங்க. கல்லு இடம் மாறுனாலே கண்டுபுடிக்கிறவன், சொந்த மூச்சு நின்னதக் கண்டுபுடிக்க மாட்டமா?"

"அறுபத்து நாலு பேருக்குமா?"

"அம்புட்டுப் பேருக்கும். ஒருத்தரு வாய விட்டுட்டாரு. அவர அணைச்சுட்டு, அடுத்த நகல் வாரவரைக்கும் ஒரு பயல உசுரோட அனுப்புனாக. பத்தொம்பது வயசு. பதினஞ்சு நாள்ல ரெண்டு வெரல் குளிர்ல போச்சு. நாங்க பாத்துக்கிட்டே இருந்தோம், ஒரு போர்வை எடுத்துப் போத்தக் கையில்ல. அதுக்கப்பறம் பேசி வச்சுக்கிட்டோம். தெரியாதவன் என்ன செய்வான்? லீவு கேப்பான். அதான் கேட்டுக்கிட்டே இருந்தோம்." காளைராசன் சிரித்தார். "குடுப்பாகன்னு நாங்க நெனைக்கவே இல்லய்யா. நீங்கதான் வெங்காயம் அது இதுன்னு கேட்டு..."

கோட்டைச்சாமி சுவரில் சாய்ந்துகொண்டார். அமைச்சகம் இவர்களை ஏமாற்றுகிறது என்று அவர் நினைத்திருந்தார். இவர்கள் அமைச்சகத்தை ஏமாற்றியிருக்கிறார்கள். எல்லோரையும் சந்தேகப்பட்ட அவர், சந்தேகப்பட வேண்டிய ஆளை மட்டும் விட்டிருக்கிறார்.

"மாசம் முடிஞ்சதும் போயிருவேன்யா. நான் போகலைன்னா எவன் வீட்டுப் பிள்ளையாவது போகணும். நீங்க கேக்குறத மட்டும் நிப்பாட்டிறாதீக. வருசா வருசம் கேளுங்க. கேள்வி நின்னா லீவு நின்னுரும்." குரலைத் தாழ்த்தினார். "அம்மா படத்தக் கழட்டி ஒளிச்சு வச்சிருக்கு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு. அது நெனப்பு அப்படியே இருக்கட்டும். எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரிய வேணாம்."

"சொல்ல மாட்டேன்" என்றார் கோட்டைச்சாமி. இதே நடுவீட்டில், இதே வார்த்தையை, நாலு நாளைக்கு முன்னால் இருளாயிக்கும் சொல்லியிருந்தார். மேடையில் கொடுத்த வாக்குறுதி எதையும் காப்பாற்றாத மனிதரிடம் ஒரே வீட்டில் இரண்டு ரகசியம்.

அவர் கிரைண்டரை நிறுத்தினார். இருளாயி வந்து இலை போட்டாள். இலை போட்ட கணக்கு எப்போதும் தானாக அவர் மனசில் ஓடும்: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது இலை பெட்டிக்கு முன்னால். அதில் சோறு வைத்தாள், கொதிக்கக் கொதிக்க, மேலே சின்ன வெங்காயச் சாம்பார்.

ஆவி எழுந்து கண்ணாடியில் படிந்தது. காளைராசன் வாய்க்கு நேராக வட்டமாக ஒரு பனிமூட்டம் உண்டானது, சுருங்கியது, அடுத்த ஆவியில் மறுபடி விரிந்தது. துடைக்க முந்தானையை எடுத்த இருளாயி, துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கோட்டைச்சாமி தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். வெகுநேரம் பிசைந்தார்.

"என்னங்கய்யா, கண்ணு கலங்குது?" என்றாள் இருளாயி.

"வெங்காயம் தாயி. கொஞ்சம் கூடப் போச்சு."

வெந்த வெங்காயம் கண்ணைக் கரிக்காது. நாற்பது வருஷம் சமைத்தவருக்கு அது தெரியும். மூன்று வேளையும் சமைக்கிற அவளுக்கும் தெரியும்.

"ஆமாய்யா" என்றாள். "நான்தான் அள்ளிப் போட்டுட்டேன்."